வாசல் படி மாற்றுவது பற்றி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய அளவைப் பார்த்தேன். தெருவிலிருந்து திண்ணைத் தளம் வரை 30 அங்குலம். மேலே நான்கு ஏற்றமும் (படிக்குப் படி உயரம்) 7 அங்குலம், கீழ்ப்படி மட்டும் 2. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்ததால் வந்த வினை. கால் பழகிய உயரம் அரை அங்குலம் மாறினாலே தடுக்கும். உன் அம்மாவுக்கு இது ஆகாது. ஐந்து ஏற்றமும் சரியாக 6 அங்குலம் வரவேண்டும்.

படிக்கு நடுவில் விரிசல் விட்டிருப்பதைச் சிமென்ட் வைத்துப் பூசினால் போதும் என்பார்கள். வேண்டாம்மா. அடியில் நிரப்பிய மண் இறங்கிவிட்டது. மேலே பூசுவது ஒரு மழைக்குத்தான்.

கல்லை எடுத்துவிட்டு ஒன்றரை அடி தோண்டி, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டுக் கெட்டிக்கட்டும். அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லியில் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் அரை அடி. பிறகு 1:6 (சிமென்ட், மணல்) கலவையில் செங்கல் கட்டு. உள்ளே மண்ணைக் கொட்டி ஓரத்தில் மட்டும் கட்டவிடாதே, முழுக்கச் செங்கல்தான். ஐந்தடி அகலத்துக்கு 600 செங்கல், 5 மூட்டை சிமென்ட், 25 கன அடி எம்-சாண்ட், 12 கன அடி ஜல்லி.

கட்டும் முன்பே பக்கச் சுவரில் ஒவ்வொரு படியின் முன் விளிம்பு மட்டத்தையும் கரிக்கோடு போட்டுவிடு. கோடு இல்லாமல் கட்டினால் கொத்தனார் செங்கல் வரிசைக் கணக்கில் ஏறிப் போவார். மீந்த உயரமெல்லாம் கடைசிப் படியில் போய் விழும். மேலே பதிக்கும் படிக்கல் 2 அங்குலம், அடியில் கலவை முக்கால் அங்குலம்; இதை ஒவ்வொரு படியிலும் கழித்துத்தான் செங்கல் கட்ட வேண்டும். மிதி (கால் வைக்கும் அகலம்) 12 அங்குலம், கல் ஒரு அங்குலம் வெளியே நீட்டி நிற்கட்டும். தெருப் பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம் (சரிவு). ரசமட்டத்தை நீயே வைத்துப் பார்.

முக்கியமானது இது. நம் சுவர் சுண்ணாம்புக் காரை. புதுக் கட்டு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சுவரைக் குடைந்து இணைத்தால் அது சுவரையும் பிய்த்துக்கொண்டு இறங்கும். நடுவில் அரை அங்குலத் தெர்மாகோல் வைத்துக் கட்டி, மேல்வாயில் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) அடைக்கச் சொல். சுவரின் அடிப்பாகத்துக்குச் சிமென்ட் பூச்சும் வேண்டாம்; ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறிக் காரையை உதிர்த்துவிடும்.

பளபளக்கும் கிரானைட் போடலாம் என்று கடைக்காரர் ஆசைகாட்டுவார். வாசல் தெளித்த ஈரத்தில் அது வழுக்கும். பழைய கருங்கல்லையே திருப்பிப் போடு. தேய்ந்த பக்கம் கீழே போகும். அடிப்பக்கத்தைக் கல் தச்சரிடம் கொடுத்துக் கொத்தி வாங்கினால் புதுப்படிதான். கல்லுக்கடியில் கலவை நிறையப் பரப்பணும். நாலு மூலையில் உருண்டை வைத்து உட்காரவைத்தால் நடுவில் உடையும். சுத்தியால் தட்டிப் பார், பொக்கென்று கேட்டால் எடுத்து மறுபடி வைக்கச் சொல்.

கைப்பிடிக் குழாயை 3 அடி உயரத்தில், செங்கல் கட்டும்போதே ஊன்றிவிடணும். பின்னால் துளையிட்டால் ஆட்டம் காணும்.

ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வை. கல் பதித்து மூன்று நாள் யாரும் மிதிக்க வேண்டாம், கொல்லைப் பக்கமாகப் போய் வாருங்கள். வேலை தொடங்குமுன் சாக்கடை மூடிக்கும் கீழ்ப்படிக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல். ஐந்தாவது ஏற்றம் திண்ணையிலேயே முடிவதால் மிதி நான்குதான்; அதற்குத் திண்ணையிலிருந்து நாலடி வேண்டும்.

அன்புடன்,
அப்பா