எந்தத் தியேட்டரில் நின்று பார்த்தார்களாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் கல்வி மலரில் அமெரிக்காவில் மயக்கவியல் நர்ஸ், அதாவது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற நர்ஸ், ஆவது பற்றி ஒரு கட்டுரை. 'நர்சிங் முடித்தவர்கள் சில மாதம் தியேட்டரில் டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்' என்று அதில் ஒரு வரி. சினிமா தியேட்டரைச் சொல்லியிருந்தால் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் தங்கை மகள் அங்கே அந்தப் படிப்பில்தான் இருக்கிறாள். சேருவதற்கே நர்சிங் பட்டம், லைசென்ஸ், குறைந்தது ஒரு வருஷ ஐ.சி.யூ. அனுபவம் வேண்டும். 2022-லிருந்து சேருகிற எல்லோருக்கும் அது டாக்டரேட் படிப்பு, மூன்று வருஷம். அதற்குள் குறைந்தது 600 கேஸுக்கு மயக்கம் கொடுத்திருக்க வேண்டும், 2,000 மணி நேரம் கிளினிக்கல் பயிற்சி. அந்த 600-லும் குழந்தைகள் இத்தனை, பிரசவம் இத்தனை என்று கணக்கு உண்டு. உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் எப்படி அச்சேறியது என்பதுதான் வருத்தம்.

நம் நாட்டில் மயக்கம் கொடுப்பது டாக்டர் வேலை, நர்ஸ் தனியாகக் கொடுக்க முடியாது. அதை ஒரு மூலையிலாவது போட்டிருக்க வேண்டாமா? எங்கள் தெருவில் படகு வைத்திருப்பவர் ஒருவர் உங்கள் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, மகளுக்கு எங்கே பணம் கட்டலாம் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

நானும் பல வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள்தான். சிசேரியனுக்கு ஸ்பைனல், அதாவது முதுகுத்தண்டில் மரத்துப்போகிற ஊசி, போடும்போது, வலியில் துடிக்கிற பெண்ணைத் தோளோடு அணைத்து முதுகை வளைத்துப் பிடிக்க வேண்டும், அவள் அசையக்கூடாது. ஊசி போட்டுப் படுக்க வைத்ததும் வலது இடுப்புக்கு அடியில் துணியை மடித்து வைத்து இடது பக்கம் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுக் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி பி.பி. சரசரவென்று இறங்கிவிடும். இதெல்லாம் நின்று பார்த்தா வரும்?

இந்தப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து மயக்க மருந்து டெக்னீஷியன் கோர்ஸ் என்று பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். டிராலி தள்ள விட்டார்கள், டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பல்பு எரிகிறதா என்று பார்க்கக்கூட யாரும் சொல்லித்தரவில்லை, பயிற்சி நோட்டில் மட்டும் கையெழுத்து வரிசையாக விழுந்திருந்தது. அப்போதே உங்களுக்கு எழுதினேன். கடிதம் வரவில்லை, அந்த நிறுவனத்தின் கால் பக்க விளம்பரம் வந்தது.

2022 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியைத் திறந்தபோது பெரிதாகப் படம் போட்டீர்கள், சந்தோஷம். அதற்கு முந்தைய காலத்தில், ராத்திரி மயக்க டாக்டர் இல்லை என்று இந்தக் கடற்கரையிலிருந்து மதுரைக்கு ஏற்றிவிட்ட பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றி எத்தனை வரி போட்டீர்கள் என்று... வேண்டாம், விடுங்கள். அதைப் பேசினால் இந்தக் கடிதமும் வராது.

கேட்பது இவ்வளவுதான். வருகிற ஞாயிறு அதே மலரில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். 600 கேஸ், 2,000 மணி நேரம், இந்தியாவில் அந்த வேலை கிடையாது, இந்த மூன்றும் வந்தால் போதும். அப்புறம் மயக்க மருந்துக் கட்டுரைக்குப் போலியோ சொட்டு மருந்துப் படம் போடாதீர்கள். போன தடவை என் கடிதத்துக்குக் கீழே ஊரைத் தேனி என்று போட்டிருந்தீர்கள். தொண்டி ஐயா, கடல் இருக்கிற ஊர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
தொண்டி