முட்டத்திலிருந்து குளச்சல் வரை

அன்புள்ள மக்களே,

வேல்ஸ் கடற்கரையில் நீ நடந்த போட்டோக்களை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். 1,400 கிலோமீட்டர் பாதை, திருப்பத்துக்குத் திருப்பம் பலகை! "நம்ம ஊர்ல இப்படி நடக்க முடியுமா அப்பா?" என்று கேட்டாய். வாயால் சொல்லி என்ன பயன் என்று போன சனிக்கிழமை நம்ம குமரி மாவட்டக் கரையில் நானே நடக்கக் கிளம்பிவிட்டேன்.

முட்டத்தில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து குளச்சல் பக்கம் நடந்தால் காலை வெயில் முதுகில்தான் விழும், கண் கூசாது. கலங்கரை விளக்கத்து மேட்டில் செம்மண், கீழே பாறை. நீ ஒற்றைச் செருப்பை அலைக்குக் கொடுத்துவிட்டு அழுத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடியபட்டணம் தாண்டினால் வள்ளியாறு கடலில் சேருகிற பொழி. மணல் மூடிக் கிடந்தது, இறங்கப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "கால் புதையும், பாலம் வழியா போங்க" என்றார். அப்புறம், "பஸ் ஓடுதே அண்ணாச்சி, எதுக்கு நடக்கீங்க?" என்றார். அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

மணவாளக்குறிச்சி மணல் உனக்கே தெரியும், மை கொட்டியதுபோல் கறுப்பு. இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான், 1909-ல் ஷாம்பெர்க் என்ற வேதியியலாளர் இதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தோரியம் என்ற கதிரியக்க உலோகம் எடுக்கிற தாது அது. நம் ஆட்களுக்கு அது தென்னை மட்டை ஊறப்போடுகிற கரை, அவ்வளவுதான்.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பாதை என்று ஒன்று கிடையாது. கடலரிப்புக்குப் போட்ட கல்சுவர் பல இடங்களில் மணலையே விழுங்கிவிட்டது. கல்லில் ஏறினால் முட்டி பெயர்ந்துவிடும். அதனால் ஊருக்குள் புகுந்து, நெத்திலி காயும் முற்றங்களைத் தாண்டி, நாய்களுக்குப் பயந்து நடந்தேன். கழிப்பறை பற்றிக் கேட்காதே. பெண்பிள்ளைகள் நடக்க அதுதான் பெரிய தடை.

மண்டைக்காட்டில் அம்மா பஸ்ஸில் வந்து காத்திருந்தாள். "தலைக்கு வெயில் ஏறியிருக்கும், உங்களுக்குத்தான் இது வேணும்" என்று, தலைநோவு தீர பகவதி அம்மனுக்குப் படைக்கிற மண்டையப்பம் நேர்ந்துவிட்டுத்தான் சோற்றுப் பொட்டலத்தையே பிரித்தாள்.

குளச்சலில், திருவிதாங்கூர் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த 1741 போரின் வெற்றித்தூணைத் தொட்டுவிட்டு, சுனாமியில் போனவர்களின் நினைவிடத்துக்குப் போனேன். அன்றைக்கு உனக்குப் பதினொரு வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடலுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தாய், நான் அதட்டி உட்காரவைத்தேன். அங்கே நின்றபோது அதுதான் நினைவில் வந்தது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

ஆனி ஆடியில் கடல் ஏறிக் கிடக்கும். தை மாதம் லீவு போடு, சேர்ந்து நடப்போம்.

நீ அனுப்பிய ஷூவைக் கவிழ்த்தால் இன்னும் கருமணல் கொட்டுகிறது. அம்மா திட்டிக்கொண்டே பெருக்குகிறாள்.

அப்பா