அந்தக் கருப்பு நூலைப் பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் "இயல்பாகவே கிருமிகளை அழிக்கும் பட்டு" என்று ஆரம்பிக்கிறாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த எந்த நர்ஸும் அதை நம்ப மாட்டாள்.

சர்ஜன்களுக்கு சில்க், அதாவது பட்டுத் தையல் நூல் என்றால் தனிப் பிரியம். கைக்கு அடங்கும், முடிச்சு போட்ட இடத்திலேயே நிற்கும். ரத்தக் குழாயைக் கட்டவும், நீர் வடிய வைக்கும் டிரெயின் குழாயைத் தோலோடு பிடித்துத் தைக்கவும் அந்தக் கருப்பு நூலைத்தான் கேட்பார்கள். ஆனால் சீழ் கோத்த வயிற்றைத் திறந்தால் அதே டாக்டர்கள் உள்ளே சில்க் போடத் தயங்குவார்கள். காயம் ஆறிப் பல மாதம் கழித்து, தழும்பில் ஒரு சின்னத் துளை விழுந்து நீர் கசிகிறது என்று நோயாளி வந்து நிற்பார். கிளறிப் பார்த்தால் பழைய முடிச்சு கருப்பாகத் தலைகாட்டும். அதை எடுத்த பிறகுதான் புண் மூடும்.

சில்க் ஒற்றை இழை இல்லையே, பல மெல்லிய இழைகளைப் பின்னிய நூல். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது ஈரத்தை இழுக்கும், கூடவே கிருமியையும். கிருமி ஒரு மைக்ரான் அளவுதான், இழைகளுக்கு நடுவே சுலபமாகப் புகுந்துகொள்ளும். அதைப் பிடிக்க வரும் வெள்ளணு பத்து மடங்கு பெரியது, வெளியிலேயே நின்றுவிடும். மெழுகோ சிலிக்கோனோ பூசித்தான் நூலை விற்கிறார்கள், அப்படியும் இது முழுக்க நிற்பதில்லை. 1957-இல் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலிலேயே சோதித்தார்கள். வெறுமனே ஊசியில் ஏற்றினால் சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டேஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. தோலில் ஒரு பட்டுத் தையல் இருந்தால் சில நூறே போதும். ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! (இப்படி ஒரு சோதனைக்குக் கை நீட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்.)

பட்டுப்புழுக் கூட்டின் பசையான செரிசின் கிருமியைக் கொல்லும் என்று கட்டுரைகள் இருப்பதாக நீ சொல்வாய். இருக்கட்டும். தையல் நூல் செய்யும்போது அந்தப் பசையைக் கொதிக்கவைத்து முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள், மிஞ்சுவது இழையின் புரதமான ஃபைப்ராயின்தான். அதோடு, 2014-இல் வந்த ஓர் ஆய்வில் இழை, பசை இரண்டையும் ரசாயன மிச்சம் இல்லாமல் பிரித்தெடுத்து ஈ.கோலை கிருமியோடு வைத்துப் பார்த்தார்கள். கிருமிக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பு கிருமியைக் கொன்றது பட்டு இல்லை, பிரித்தெடுக்கப் பயன்படுத்திய ரசாயனத்தின் மிச்சம். உன் மாதிரிகளிலும் பசை நீக்கப் போட்ட சோடா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்.

இதனால் உன் வேலை வீண் என்று நினைக்காதே. ஃபைப்ராயினை லித்தியம் புரோமைடில் கரைத்து, அந்த உப்பை நீக்கினால் நீர்க்கரைசலாகக் கிடைக்கிறது. அதிகச் சூடு இல்லாமலே மருந்தைக் கலந்து படலமாகவோ பஞ்சாகவோ ஆக்கலாம், அது உடம்பில் எவ்வளவு மெதுவாகக் கரையவேண்டும் என்பதையும் ஓரளவு நாமே வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி எத்தனை பொருளில் உண்டு? 2012-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி மருந்தையும் பெனிசிலின், டெட்ராசைக்ளின் போன்றவற்றையும் பட்டுக்குள் வைத்து, ஃபிரிட்ஜ் இல்லாமலே வீரியத்தைக் காத்துக் காட்டினார்கள். மே மாதத்தில் கரண்ட் போனால் மருந்துப் பெட்டியைப் பார்த்துத் தவித்த எனக்கு அதன் அருமை தெரியும். உன் சுருக்கத்தில் இது கடைசியில் ஒரே வரியாகக் கிடக்கிறது. அதை மேலே கொண்டு வா.

கிருமியைக் கொல்ல வெள்ளி நுண்துகள் சேர்ப்பதாக எழுதியிருக்கிறாய். அளவு கூடினால் காயத்தை ஆற்றும் நம் செல்களையும் அது கெடுக்கும், அதையும் சேர்த்தே சோதி. நன்றாகக் கழுவிய வெறும் பட்டு, மருந்து ஏற்றிய பட்டு, ஒற்றை இழை நைலான், மூன்றையும் ஒரே கிருமியோடு வைத்துப் பார்த்துப் படம் அனுப்பு.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அப்புறம், தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
அம்மா