விழுக்காடு தரச் சான்று அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டபூர்வக் கஞ்சாப் பூ குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உருகுவே 2013, கனடா 2018, ஜெர்மனி 2024 என்று அனுமதி வந்த வரிசை சரிதான். ஆனால் 'டிஎச்சி விழுக்காடு கூடினால் தரமும் கூடும்' என்ற வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. டிஎச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள். மதுவில் ஆல்கஹால் அளவைப் பார்த்து யாராவது தரத்தைத் தீர்மானிப்பார்களா?

பறித்து உலர்த்திய பூவில் நேரடி டிஎச்சி மிகவும் குறைவு. பெரும்பகுதி டிஎச்சிஏ என்ற அமிலமாக இருக்கிறது. அந்த அமிலத்தால் போதை ஏறாது. சூடு பட்ட பிறகே அது டிஎச்சியாக மாறும். கனடாவில் விற்ற பொட்டலங்களில் 'டிஎச்சி', 'மொத்த டிஎச்சி' என இரண்டு எண்கள் இருந்தது இதனால்தான். சிறிய எண்ணை மட்டும் பார்த்து 'லேசான சரக்கு' என்று நினைப்பவர் நன்றாக மாட்டிக்கொள்வார். மொத்தம் 20 விழுக்காடு என்றால் ஒரு கிராம் பூவில் 200 மில்லிகிராம். புகைக்கும்போது அதில் கணிசமான பகுதி எரிந்தும் காற்றில் கலந்தும் போகிறது, உண்மைதான். இருந்தாலும் அமெரிக்காவில் டிஎச்சி அளவைக் கணக்கிட ஆய்வாளர்களுக்கென 2021இல் வகுக்கப்பட்ட அலகு வெறும் 5 மில்லிகிராம். பழக்கமில்லாதவர் ஓர் இழுப்போடு நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்று சொல்வது பயமுறுத்தல் அல்ல, கணக்கு. மூச்சை அடக்கிப் புகையை உள்ளே நிறுத்துவதும் வீண். நுரையீரலுக்குக் கூடுதல் தார் சேருவதுதான் மிச்சம்.

'இண்டிகா உறக்கம், சாடிவா உற்சாகம்' என்ற விளம்பரப் பேச்சையும் கட்டுரையாளர் நம்பிவிட்டார். இவை 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் செடியின் தோற்றத்தைப் பார்த்துக் கஞ்சா வகைகளுக்கு வைத்த பெயர்கள். இன்றைய கலப்பினப் பூக்களில் அந்தப் பெயரை வைத்து விளைவைச் சொல்ல முடியாது.

யார் தொடவே கூடாது என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், மூளை வளர்ச்சி முடியாத இளையோர். புகையிலையோடு கலந்து சுருட்டினால் நிகோட்டினுக்கும் அடிமையாக நேரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். புகைத்துவிட்டு ஆறு மணி நேரமாவது வண்டியைத் தொடக்கூடாது என்கிறது கனடிய வழிகாட்டுதல். 'எனக்கு நிதானம் இருக்கிறது' என்று சொல்பவரின் நிதானத்தை அவரே அளக்க முடியாது.

பயணம் செய்பவர்களுக்கு இன்னொன்று. கனடாவில் ஒருவர் பொது இடத்தில் 30 கிராம் உலர் பூ வைத்திருக்கலாம். எல்லை தாண்டி ஒரு கிராம்கூடக் கொண்டுபோகக் கூடாது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது இதே பூந்தலையைத்தான். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்திருந்தாலும் ஊர் திரும்பியதும் வழக்கைச் சந்திக்க நேரிடலாம். தமிழ் வாசகர்கள் இத்தனை நாடுகளில் இருக்கும்போது, சட்டத்தைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்