மகளுக்கு: டேஷ்போர்டை அறுக்கும் முன்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. உன் ஜீப்பின் பழைய ரேடியோவின் முகத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, அதன் கீழே இருக்கும் சிறு பொந்தையும் அளந்து, இரண்டுக்கும் நடுவே ஓடும் பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கரால் கோடும் போட்டுவிட்டாய். "இதை அறுத்தெடுத்தால் பத்து அங்குலத் திரை வைத்த புது ஸ்டீரியோ உட்கார்ந்துவிடும்தானே அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். பெரிய திரையே வேண்டாம் என்று நான் ஆரம்பிப்பேன் என நினைத்திருப்பாய். இல்லை. கரடுமுரடான பாதையில் வரைபடம் பெரிதாகத் தெரிவதும், பின்னால் இருக்கும் பள்ளம் கேமராவில் தெரிவதும் நல்லதுதான். ரம்பத்தை மட்டும் கொஞ்சம் ஓரமாக வை. நீ அளந்திருப்பதெல்லாம் முகத்தை. வம்பு முழுக்க முதுகுப்பக்கம் இருக்கிறது.

முகத்தின் அளவில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சிங்கிள் டின் என்பது கார் ரேடியோவுக்கு ஜெர்மானியர்கள் வகுத்த தர அளவு: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். பிறகு ஐஎஸ்ஓ 7736 என்ற எண்ணில் அதுவே உலகத் தரமாகவும் ஆனது. டபுள் டின் என்றால் அகலம் அதேதான், உயரம் 100. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் 200 இருக்கும்; அங்கே பக்கவாட்டு இடைவெளியை மூடத் தனிப் பட்டைகள் விற்கிறார்கள். இப்போது உன் கணக்கைப் பார். 180-க்கு 100 என்ற செவ்வகத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 206 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலம். விளிம்பும் பொத்தான்களும் போக, அதற்குள் அடங்குவது ஏழு அங்குலத் திரைதான். பத்து அங்குலத் திரையை எந்த டபுள் டின் பொந்துக்குள்ளும் நுழைக்க முடியாது. ஆகவே நீ வாங்கி வைத்திருப்பது, உடல் உள்ளே போய், திரை மட்டும் வெளியே தொங்கும் வகையாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து உடலின் உயரத்தை அளந்து பார். அது 50 மில்லிமீட்டராக இருந்தால் நீ எதையுமே அறுக்க வேண்டியதில்லை, கோட்டைத் துடைத்துவிடலாம்.

உயரம் 100 என்று வந்தால், அறுப்பதற்கு முன் ஆழத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் ஆழம் மாறும். சிடி போடும் வகை 16 சென்டிமீட்டர் வரை உள்ளே போகும். சிடி இல்லாத வகைகள் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. அதற்குப் பின்னால் கப்ளர்கள் (வயர்களைச் சேர்க்கும் பிளக்குகள்), ஆன்டெனா முள், கேமரா வயர் எல்லாம் வளைந்து திரும்ப இன்னும் நான்கு விரற்கடை இடம் வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. அட்டைப் பெட்டி ஒன்றைப் புது ஸ்டீரியோவின் உடல் அளவுக்கு வெட்டி ஒட்டு. அதன் முதுகில் பழைய துணியை வயர்க்கட்டு அளவுக்குச் சுருட்டிக் கட்டு. பழைய ரேடியோவைக் கழற்றிய பொந்தில் அதைத் தள்ளிப் பார். எங்கே முட்டுகிறதோ அங்கே கையை விட்டுத் தடவு. வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் என்றால் ஹீட்டர் காற்று போகும் வழி; அதை நசுக்கினால் குளிர்காலத்தில் கண்ணாடிப் பனி விலகாது. அசையும் கம்பி என்றால் வைப்பரோ, காற்றுக் கதவோ. குளிர்ச்சியாக, கனமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும் உலோகம் என்றால் அது டேஷ்போர்டையும் ஸ்டீயரிங்கையும் தாங்கும் குறுக்குக் கம்பம். அதன்மேல் ரம்பம் படவே கூடாது. அதிலிருந்து கிளம்பி ரேடியோவைத் தாங்கும் தகடுகளையும் கேட்காமல் தொடாதே. நீ கோடு போட்ட பட்டை வெறும் பிளாஸ்டிக்காக இருந்து, பின்னால் உலோகம் எதுவும் இல்லாமல் இருந்தால் தாராளமாக அறுக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கைவிட்டுப் பார்த்த பிறகு அறு.

தொங்கும் திரையைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தார்ச் சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அது சரி. கல்லிலும் குழியிலும் இறங்கும் ஜீப்புக்கு எனக்கு ஒப்பவில்லை. திரையின் எடை முழுதும் பொந்துக்கு வெளியே ஒரு சிறிய தாங்கியில் நிற்கிறது. நீட்டிய கையில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் போலத்தான். ஒவ்வொரு குழியிலும் அது ஆடும்; ஆட ஆட ஸ்க்ரூ தளரும்; பிறகு கிறுகிறுவென்று சத்தம் வரத் தொடங்கும். அதோடு, பத்து அங்குலம் எதை மறைக்கும் என்று பார். திரையின் அளவுக்கு ஒரு காகிதம் வெட்டி டேஷ்போர்டில் ஒட்டி, நீ ஓட்டும் நிலையில் உட்கார். எச்சரிக்கை விளக்கு சுவிட்ச் எட்டுகிறதா? ஏசி காற்றுத் துவாரம் மூடுகிறதா? கியரை ஒன்றிலும் மூன்றிலும் போடும்போது விரல்முட்டி இடிக்கிறதா? பக்கத்து இருக்கையின் ஏர்பேக் மூடி திறக்கும் வழியில் திரையின் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கிறதா? கடைசியாக, மேட்டின் உச்சியில் ஏறி மறுபக்கம் இறங்குவதற்கு முன் பானட்டுக்கு அப்பால் தரை தெரிய வேண்டுமே, அந்தப் பார்வையை அது தின்றுவிடுகிறதா? கண்ணாடிக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் நீ இழக்கும் இரண்டு அங்குலம் அந்த இடத்தில்தான் கணக்கு கேட்கும்.

நானாக இருந்தால் முகம் டேஷ்போர்டோடு சமமாக நிற்கும் ஏழு அங்குல டபுள் டின் வாங்குவேன். அதிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் உள்ளதாக. வண்டி குலுங்கும்போது தொடுதிரையில் விரல் நினைத்த இடத்தில் விழாது. 'குறை' என்று தொடப்போய் வரைபடம் மறைந்துவிடும். குமிழைக் கண் பார்க்காமலே கை பிடித்துக்கொள்ளும். உனக்குப் பத்து அங்குலம்தான் வேண்டும் என்றால் அது உன் வண்டி, உன் விருப்பம். ஆனால் காகிதத்தை ஒட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

கழற்றும் நாளில் அவசரப்படாதே. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று. ஏர்பேக் உள்ள வண்டி என்பதால் சில நிமிடங்கள் பொறுத்திரு. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள். பழைய ரேடியோவுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு இருந்தால் அதையும் முன்பே எழுதி வை. பின்னாளில் வண்டியை விற்கும்போது அதையே திரும்பப் பொருத்த நேரலாம். வெயிலில் பல வருடம் காய்ந்த பிளாஸ்டிக் பிஸ்கட் போல நொறுங்கும். குளிர்ந்த காலையில் நெம்பாதே; வண்டியைக் கொஞ்சம் வெயிலில் நிறுத்தி, பிளாஸ்டிக் சூடேறிய பிறகு, பிளாஸ்டிக் நெம்பி கொண்டு கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராக இழு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அதன் தடம் கடைசி வரை உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வயரிங்குக்கு வருகிறேன். வண்டியோடு வந்த கப்ளரை எந்தக் காரணத்துக்கும் வெட்டாதே. உன் வண்டிக்கும் புது ஸ்டீரியோவுக்கும் நடுவே போடும் மாற்று ஹார்னஸ் என்ற வயர்க்கட்டை வாங்கு. எல்லா இணைப்பையும் மேஜையில் வைத்து நிதானமாகச் செய்யலாம். ஸ்டீரியோ பக்கத்து வயர்களில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயர், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் வயர், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ். நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்ளிஃபையரை எழுப்புவதற்கு. இது ஸ்டீரியோக்காரர்கள் பரவலாகப் பின்பற்றும் நிறம். வண்டிக்காரர்கள் அப்படியே பின்பற்றுவார்கள் என்று நம்பாதே. அந்தப் பக்கத்தை வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் தொட்டுப் பார். சில வண்டிகளில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி வரும். சாவியை எடுத்ததும் கடிகாரமும் சேமித்த நிலையங்களும் மறந்துபோனால் இதுதான் காரணம். அதைச் சரிசெய்ய இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் போடும் வழக்கம் உண்டு. ஆகவே ஆகாது. ஸ்டீரியோ தூங்காமல் இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கும். ஊருக்குள் என்றால் யாராவது தள்ளிவிடுவார்கள். நீ போகும் இடங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது.

வயர்களை இணைக்கும்போது சோல்டர் வைத்தால்தான் கெட்டி என்று உன் நண்பர்கள் சொல்லலாம். மேஜை மேல் நிற்கும் கருவிக்கு அது உண்மை. ஓயாமல் அதிரும் வண்டியில், உருகிய ஈயம் உறைக்குள் ஊறி வயரின் இழைகளைக் கம்பி போல விறைக்க வைக்கும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில்தான் அது ஒடியும். சரியான அளவுக் குழல் போட்டு, நல்ல கிரிம்ப் இடுக்கியால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் உறையை மேலே போடு. அழுத்திய பிறகு ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார். வெளியே வந்தால் இப்போதே வரட்டும். ஓடும் வயரைக் கடித்து மின்சாரம் திருடும் நீலக் கிளிப்புகளை இந்த வண்டிக்குள் விடவே விடாதே.

கறுப்பு வயரை ஏதோ ஒரு தாங்கியின் ஸ்க்ரூவில் மாட்டாமல், பெயின்ட்டைச் சுரண்டிய பாடி உலோகத்தில் வளையம் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு. சேறும் தண்ணீரும் பார்க்கும் வண்டியில் துரு முதலில் தேடிப் போவது அந்த இடத்தைத்தான். எர்த் கெட்டால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். சிக்கிய வண்டியை இழுத்தெடுக்க முன்னால் வின்ச் மாட்டியிருக்கிறாயே, அதன் தடித்த வயர்களுக்குப் பக்கத்தில் கேமரா வயரைக் கொண்டு போகாதே.

இனி, பொருத்தும் கட்டம். பக்கவாட்டு ஸ்க்ரூக்கள் மட்டும் ஸ்டீரியோவைத் தாங்கப் போதாது. பெரும்பாலான ஸ்டீரியோக்களின் முதுகில் ஒரு போல்ட்டோ, போல்ட் போடும் துளையோ இருக்கும். அதைக் கண்டுகொள்பவர்கள் குறைவு. அதிலிருந்து துளைகளுள்ள தகட்டுப் பட்டை ஒன்றை உள்ளே இருக்கும் உறுதியான உலோகத்துக்குக் கட்டு. முன்னாலும் பின்னாலும் பிடி இருந்தால்தான் குழியில் விழும்போது முகப்புச் சட்டம் பிளக்காது. கப்ளர்கள் ஒவ்வொன்றின் மேலும் நுரைப் பட்டை சுற்று. சுற்றாவிட்டால் உள்ளே கிளிக் கிளிக் என்று தட்டுவதை நீ வாரக்கணக்கில் தேடுவாய். வயர்க்கட்டை உயரமான இடத்தில் கட்டி, கூர்மையான தகட்டு விளிம்பில் உரசாதபடி பார்த்துக்கொள்.

ஆன்டெனா முள் பொருந்தாவிட்டால் மாற்று முனை கிடைக்கும். ஆன்டெனாவில் சிறு ஆம்ப்ளிஃபையர் இருந்தால் நீல வயரிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ரேடியோ இரையும். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டேஷ்போர்டுக்கு உள்ளே உலோகத்துக்கு அடியில் புதைக்காதே, வானம் பார்க்கட்டும். வரைபடத்தைக் கிளம்பும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள். ஹேண்ட்பிரேக் வயர் என்று ஒன்று வரும். ஓட்டும்போது வீடியோ ஓடாமல் தடுப்பது அதுதான். அதை எர்த்தில் முறுக்கி ஏமாற்றும் வித்தையை யாராவது காட்டினால், நன்றி சொல்லி அனுப்பிவிடு.

பெட்டியில் 50 வாட், நான்கு ஸ்பீக்கருக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. நான்கு ஐம்பது இருநூறு. எஞ்சின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட், ஸ்டீரியோவின் முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அது தொடர்ந்து இழுக்கக்கூடியதே 144 வாட். உள்ளே போவது 144 என்றால் வெளியே 200 எப்படி வரும்? 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்ட்டேஜில் சுத்தமாகக் கிடைக்கும் உச்சம் ஏறக்குறைய 26 வாட். டயர் இரைச்சலைத் தாண்டி இன்னும் சத்தம் வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபையர் வை. ஸ்டீரியோவை முழுக்கத் திருகினால் கிழிந்த சத்தம்தான் வரும்.

எல்லாவற்றையும் இணைத்ததும் முகப்பை மூடும் முன் பேட்டரியை மாட்டி ஒவ்வொன்றாகச் சோதி: நான்கு ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா, விளக்கு போட்டதும் திரை மங்குகிறதா, எச்சரிக்கை விளக்கு, ஹீட்டர். பிறகு மூடு. மோசமான பாதையில் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்து ஸ்க்ரூக்களை மறுபடி முடுக்கு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பொந்துக்குள் டார்ச் அடித்து, ஸ்கேலை உள்ளே நீட்டி வைத்து ஒரு படம் அனுப்பு. உடலின் உயரத்தையும் ஆழத்தையும் எழுது. அதைப் பார்த்துவிட்டு அறுக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். அதுவரை பெட்டியின் நுரையையும் ரசீதையும் தூக்கி எறியாதே, ஏழு அங்குலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டி வரலாம்.

அன்புடன்,
அப்பா