திரைப்படக் கழகமும் தகரக் கூரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையக நகரங்களில் திரைப்படக் கழகங்கள் வேண்டும் என்ற உங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை நல்லதுதான். ஆனால் சிதானந்த தாஸ்குப்தாவை 'சத்யஜித் ரேயின் நண்பர், விமர்சகர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. கழகம் நடத்தப் போகிறவர் ரேயைவிட இவரிடம்தான் அதிகம் படிக்க வேண்டும்.

1921இல் ஷில்லாங்கில் பிறந்தவர். 1947இல் ரே முதலானோருடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். ரேயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான். படத்தை வரவழைப்பது, திரையிடுவது, பார்த்தவர்களைப் பேச வைப்பது, பிறகு எழுதுவது எல்லாம் சேர்ந்ததே அவருக்கு விமர்சனம். தாமே எடுத்த கதைப்படங்கள் சொற்பம்: 1972இல் 'பிலேத் பேரத்', 1994இல் 'ஆமோதினி'. கண்டிச் சீமைக் கைவினைகளை ஆராய்ந்த நம் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்போம்?

1991இல் வந்த இவருடைய 'தி பெயின்டட் ஃபேஸ்' நூலில் நம் கண்டி மாவட்டத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். வருகிறார், ஆந்திரத்தின் என்.டி.ஆரும் வருகிறார். திரையில் கண்டதைப் பாமர ரசிகன் மெய்யென்றே நம்பினான் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை அப்படியே ஏற்க முடியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் எம்.ஜி.ஆர். படத்தை மாட்டியவருக்கு, கொடுமைக்காரன் அடிவாங்குவது படத்தில் மட்டும்தான் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் விசிலடித்தார். மலையகக் கழகம் ஒன்று முதலில் விவாதிக்க வேண்டிய நூல் இது.

இனி வேலைக்கு வருவோம். எட்டடி அகலத் திரைக்கு 3000 ஆன்சி லூமென் (தரமுறைப்படி அளந்த வெளிச்ச அளவு) புரொஜெக்டர் தாராளம். மலிவான கருவிகளின் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய லூமென் கணக்கை நம்ப வேண்டாம். 'ஆன்சி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு வெளிச்சமான கருவியானாலும் சன்னலை மூடாவிட்டால் படத்தின் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். நுவரெலியா போன்ற இடத்தில் குளிரில் கிடந்த கருவியை ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் திறந்தால் லென்சில் நீர் படியும். ஒரு மணி நேரம் முன்பே கொண்டுவந்து பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. ஆகவே ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் நாள் குறிப்பதே புத்தி. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்களை இரவுக் காட்சிக்கு அழைக்காதீர்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி சரி.

பெரிய சிக்கல் சப்டைட்டில். தமிழ் சப்டைட்டில் கோப்பினை யுடிஎஃப்-8 என்ற கணினி எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டங்களோ கிறுக்கலோ தெரியும். சேமித்தாலும் சில தொலைக்காட்சிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடும். எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவதே பாதுகாப்பு. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் வேண்டாம். வாசிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

இந்த மொழிபெயர்ப்பையும் உரிமையாளரிடம் பெறும் அனுமதியையும் ஒவ்வோர் ஊரும் தனித்தனியே செய்தால் இரண்டாம் மாதமே சலித்துவிடும். இந்தியக் கழகங்கள் 1959இல் கூட்டமைப்பாகச் சேர்ந்ததில் தாஸ்குப்தாவுக்கும் பங்குண்டு. ஹட்டன், பதுளை, பண்டாரவளை, கண்டிக் கழகங்களும் ஒரே சப்டைட்டில் கோப்பினைச் சுற்றுக்கு விடலாம். பார்வையாளர் கையில் கொடுக்கும் அரைப்பக்கக் குறிப்பையும் ஒருவரே எழுதலாம்.

முதல் படம் எது என்று கேட்பவர்களுக்கு: கல்கத்தாவில் தொடங்கியது 1925இல் வெளிவந்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தோடு. பேசாப்படம் என்பதால் மழை பெய்தாலும் பாதகமில்லை, மொழிபெயர்க்க வேண்டியதும் இடையிடையே திரையில் வரும் சில எழுத்து அட்டைகள்தான். புழுத்த இறைச்சியைத் தின்ன மறுக்கும் மாலுமிகளின் கதையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாசகர்,
ஹட்டன்