பொய்க் கணக்கு ஒன்று, பிறர் கணக்கு ஒன்று: துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள மாடிவீட்டு அக்காவுக்கும், நூலகத்து ஐயாவுக்கும், அலுவலகத் தம்பிக்கும், அன்று பணியில் இருந்த காவல்துறை அதிகாரிக்கும்,

வணக்கம்.

கடைசிக் கடிதம் போன வாரம் வந்துசேர்ந்தது. எனக்குச் சொந்தமில்லாத, நான் நீக்கச் சொல்லிக் கேட்டிருந்த கணக்கு என் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து, அதாவது என் கடன் வரலாற்று அறிக்கையிலிருந்து, நீக்கப்பட்டுவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். உங்கள் உதவி எத்தகையது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் நான் அமெரிக்கா வந்து இறங்கினேன். அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்ததும் 300 டாலர் வைப்புத்தொகை கட்டி ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். கடன் வரலாறே இல்லாதவருக்கு அப்படிப்பட்ட கார்டுதான் முதல் படி. மாதந்தோறும் சிறு தொகைக்குப் பயன்படுத்தி, கெடுவுக்கு முன்பே கட்டிவந்தேன். ஒரு கணக்காவது ஆறு மாதம் ஓடியிருந்தால்தான் கடன் நம்பகத்துக்கான மதிப்பெண்ணான ஃபைகோ ஸ்கோர் உருவாகும் என்று கேள்விப்பட்டு, நாள்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நவம்பரில் நம்பிக்கையோடு அடுத்த கார்டுக்கு விண்ணப்பித்தேன். மறுப்புக் கடிதம் வந்தது. காரணம், கட்டப்படாத பழைய கடன்கள். நான் இந்த நாட்டில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

அக்கா, அந்தக் கடிதத்தை மூன்று வாரம் இழுப்பறையில் ஒளித்துவைத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, என்னையே மோசடிக்காரி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். துணி துவைக்கும் அறையில் என் முகத்தைப் பார்த்து நீங்கள் கேட்ட பிறகுதான் வாய் திறந்தேன். விஷயத்தைக் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் "உன் எண்ணை யாரிடம் கொடுத்தாய்?" என்றே தொடங்கினார்கள். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. "கடிதத்தில் எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறது?" என்று கேட்டீர்கள். மறுப்புக் கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தாக வேண்டும் என்பதும், அறுபது நாளுக்குள் கேட்டால் அந்த ரிப்போர்ட்டின் பிரதி இலவசம் என்பதும் உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். நான் வீணாக்கிய மூன்று வாரத்தைக் கழித்தும் நாள் மிச்சமிருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவதற்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை முழுவதும் உங்கள் மேசையில்தான் கழிந்தது. ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும், என் பெயரில் வேறு யாரும் புதுக் கணக்குத் திறக்காதபடி, தனித்தனியாக என் ரிப்போர்ட்டை முடக்க வேண்டும் என்றீர்கள். அதற்குப் பெயர் 'ஃப்ரீஸ்'. 2018 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் அது இலவசம். அதனால் ஸ்கோர் குறையாது, நாமே விண்ணப்பிக்கும்போது தற்காலிகமாக விலக்கிக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் சில நிமிடங்களில் முடிந்தது. மூன்றாவது இடத்தில் நான் யார் என்று உறுதிசெய்யக் கேள்விகள் கேட்டார்கள். கீழ்க்கண்ட தெருக்களில் எதில் வசித்திருக்கிறீர்கள் என்பது அவற்றில் ஒன்று. எதிலும் இல்லை என்றேன். தவறான பதில் என்று வந்தது. என் வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு என் பதில் தவறு என்று திரை சொன்னபோது நான் அழுதேன். நீங்கள் மடிக்கணினியை மூடிவிட்டு, "தபாலில் அனுப்புவோம், தாளுக்கு உன்னைத் தெரியும்" என்றீர்கள். பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை உறையில் இட்டு, பதிவுத் தபாலுக்கான பச்சை ஒப்புகை அட்டையை எப்படி நிரப்புவது என்று காட்டிக்கொடுத்தீர்கள். உங்கள் மடிப்புக் கோப்புறையையும் அன்றே என்னிடம் கொடுத்துவிட்டீர்கள்.

நூலகத்து ஐயாவுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வரிப் படிவம் நிரப்ப உதவும் தன்னார்வலர் நீங்கள். இது உங்கள் வேலையே அல்ல. ஆனாலும் என் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தீர்கள். அதில் எனக்குச் சொந்தமில்லாத கணக்குகள் இரண்டு இருந்தன. ஒன்று 2017இல் தொடங்கிய கடன். மற்றொன்று 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடை கார்டு. இரண்டும் ஒரே திருடனின் வேலை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். நீங்கள் தேதிகளின் மேல் விரலை வைத்து, "இவை இரண்டும் ஒரே சிக்கல் அல்ல அம்மா" என்றீர்கள்.

2017இல் எனக்கு இந்த நாட்டில் எண்ணே கிடையாது. அந்தக் கடனை வாங்கியவர் இன்னொரு பெண், அவருக்கும் கிட்டத்தட்ட என் பெயர்தான். நம்மவர்கள் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே இங்கே கடைசிப் பெயராகிவிடுகிறது. என் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், வங்கியில் முன்னும் பின்னும் மாறியும், கார்டில் வெறும் முதலெழுத்தோடும் இருந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி, எண் என்று கணினி பொருத்திப் பார்க்கும்போது இரண்டு மனிதர்களின் வரலாறு ஒரே கோப்பில் கலந்துவிடுவது உண்டு என்று விளக்கினீர்கள். நான் கோபத்தில் இருந்தேன். அவர் பெயரையும் சேர்த்துத் திருட்டுப் புகாரில் எழுதிவிடலாம் என்றேன். "அந்தப் பெண் உன்னிடம் எதையும் திருடவில்லை. பொய்யான வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதே" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னீர்கள். அன்று நான் முகம் சுளித்ததற்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன், ஐயா. அந்தப் பெண்ணுக்கு நான் செய்ய இருந்த அநியாயத்தை நீங்கள் தடுத்தீர்கள்.

ஆகஸ்ட் கணக்கு உண்மையான திருட்டு. அதற்கு மத்திய வர்த்தக ஆணையத்தில் அடையாளத் திருட்டு அறிக்கை பதிவு செய்தோம். அந்த அறிக்கையும் அடையாளச் சான்றும் ரிப்போர்ட் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்தால், நான்கு வேலை நாட்களுக்குள் அந்தத் தகவலை ரிப்போர்ட்டில் தோன்றாமல் தடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படியே நடந்தது. கார்டு வழங்கிய நிறுவனத்திடம் அந்த விண்ணப்பத்தின் நகலையும் எழுதிக் கேட்டோம். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். நான் கால் வைத்திராத ஓர் ஊரின் முகவரியும் யாருடையதோ ஒரு மின்னஞ்சலும் என் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தன. வந்த புதிதில், பார்க்காத ஒரு வாடகை வீட்டுக்காக நிரப்பி அனுப்பிய படிவம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணைக் கேட்டிருந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்.

பழைய கடன்தான் படுத்தியது. ரிப்போர்ட் நிறுவனத்துக்கு நான் அனுப்பிய முதல் ஆட்சேபம், "கணக்கு உண்மையானது என்று கடன் கொடுத்தவர் உறுதிப்படுத்தினார்" என்ற பதிலோடு திரும்பி வந்தது. நான் உடைந்துபோனேன். ஐயா, நீங்கள் என் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, தவறு எங்கே என்று உடனே சொன்னீர்கள். 'இந்தக் கணக்கு பொய்' என்று எழுதியிருந்தேன். கணக்கு பொய்யில்லையே, அவர்கள் சரியாகத்தானே உறுதிப்படுத்தினார்கள்? 'இந்தக் கணக்கு உண்மையானது, ஆனால் வேறொருவருடையது, இரண்டு பேரின் கோப்புகள் கலந்துள்ளன' என்று நீங்கள் மாற்றி எழுதவைத்தீர்கள். 2023 ஜனவரி தேதியிட்ட வருகை முத்திரையின் நகலை மேலே வைத்து அனுப்பினோம். போன வாரம் வந்த கடிதம் அதற்கான பதில்தான். இத்தனைக்கும் பிறகு, வரித்துறையின் ஆறு இலக்கப் பாதுகாப்பு எண்ணையும் வாங்கிக்கொள்ளச் சொன்னீர்கள், என் பெயரில் வேறு யாரும் வரிக்கணக்குத் தாக்கல் செய்துவிடக் கூடாது என்பதற்காக. வாங்கிவிட்டேன், ஐயா.

தம்பி, நீ செய்தது ஐந்து நிமிட வேலை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கடன் வசூல் நிறுவனத்திலிருந்து வந்த அழைப்பில், இன்று 50 டாலர் கட்டினால் பிரச்சினையைப் பேசி முடிக்கலாம் என்றார்கள். நான் கார்டை எடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கையிலிருந்து நீ கையை நீட்டி, ஒரு தாளில் "கட்டாதீர்கள் அக்கா, எழுத்தில் கேளுங்கள்" என்று எழுதிக் காட்டினாய். அவர்களுடைய அறிவிப்பு வந்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் மறுத்தால், கடனுக்கான ஆதாரத்தை அனுப்பும் வரை வசூலை நிறுத்த வேண்டும் என்று அன்று மாலை சட்டத்தைத் தேடி எடுத்துக் காட்டினாய். அன்று நான் பணம் கட்டியிருந்தால் என்னுடையதல்லாத கடனை நானே ஏற்றுக்கொண்டதுபோல் ஆகியிருக்கும். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.

அதிகாரி ஐயா, இந்த மடல் உங்கள் கண்ணில் படுமா என்று தெரியாது. காவல் நிலைய வாசலில் நான் இருபது நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நீங்கள் என் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினீர்கள். அந்த ஆண்டில் என் பெயரை முழுதாகவும் சரியாகவும் எழுதிய முதல் அரசு ஆவணம் நீங்கள் கொடுத்த புகார்ப் பிரதிதான்.

அந்த இன்னொரு பெண்ணுக்கும் இங்கே ஒரு வரி. உங்கள் கோப்பில் என் கணக்குகள் ஏதாவது வந்து ஒட்டிக்கொண்டிருந்தால், உங்களுக்கும் இப்படி ஓர் அக்காவும் ஓர் ஐயாவும் கிடைக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது என் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு கணக்குதான் இருக்கிறது. 300 டாலர் கார்டு, தவறிய தவணை எதுவும் இல்லை. மூன்று இடங்களிலும் ஃப்ரீஸ் தொடர்கிறது. அக்கா, உங்கள் கோப்புறையை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அதிலிருக்கும் பச்சை ஒப்புகை அட்டைகளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கீழ்வீட்டுத் தங்கை